இடப்பக்கக் கதவுக்குள் மழை

நிஹால் "சரி" என்று சொல்லி இரண்டு நாள் ஆகியும் அவள் அம்மா இக்லாஸ் அதை நம்பவில்லை. வெள்ளிக்கிழமை காலை எழுந்ததும் மகளின் அறைக்கதவைத் திறந்து பார்த்தாள். கட்டில் காலி. பால்கனிக்கு ஓடிக் கீழே எட்டிப் பார்த்தாள். கட்டடத்துத் தூண்களுக்கு நடுவே நின்ற வெள்ளைக் காரின் பின்கதவிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"ஓடிப்போகல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அந்தச் "சரி" எதற்கு என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் தமன்ஹூர் என்ற ஊரிலிருந்து வந்து, முதல் மாடியில் நிஹாலைப் பெண் கேட்டவன் ஹைதம். செல்போன் கடைக்காரன். நிச்சயத்தன்று அவள் கையில் ஷப்கா போட்டான்: இரண்டு வளையல், ஒரு மோதிரம். அதற்குப் பிறகு அவன் கண் மெல்ல மெல்ல மூன்றாவது மாடிக்கு ஏறியது. அங்கே கட்டடத்துக்கே சொந்தக்காரரான நிஹாலின் பெரியப்பா ஷவ்கியும், அவருடைய ஒரே மகள் ராந்தாவும் இருந்தார்கள்.

மாப்பிள்ளை முறித்தால் ஷப்கா பெண்ணுக்கே. பெண் முறித்தால் திருப்பித் தர வேண்டும். தங்கத்தோடு அவள் பெயரும் போகும். அதனால் ஹைதம் முறிக்கவில்லை. வருவதை நிறுத்தினான். போனை எடுப்பதை நிறுத்தினான். பெருநாளுக்குக்கூட எட்டிப் பார்க்கவில்லை. நிஹால் எட்டு மாதம் பொறுத்தாள். ஒன்பதாவது மாதம் தங்கத்தை டப்பாவில் போட்டுப் பெரியப்பா கையில் கொடுத்துவிட்டாள். "அவதான் என்னை வேண்டாம்னுட்டா," என்று ஹைதம் அதே பெரியப்பாவின் சோபாவில் உட்கார்ந்து அழுதான். கண்ணைத் துடைக்கக் காகிதக் கைக்குட்டை நீட்டியவள் ராந்தா.

இன்று மாலை அவர்கள் இருவருக்கும் நிக்காஹ்.

அலெக்சாண்ட்ரியாவில் மழைக்குப் பெயரும் உண்டு, தேதியும் உண்டு. நவம்பர் நடுவில் வரும் நவ்வா என்ற புயல்மழைக்கு மக்னஸா, அதாவது துடைப்பம், என்று பெயர். கடலையும் தெருவையும் ஒரே வீச்சில் கூட்டித் தள்ளும். இந்த ஊர்க்காரன் எவனும் அந்த வாரத்தில் கல்யாணம் வைக்க மாட்டான். தேதி குறித்தது தமன்ஹூர் மாப்பிள்ளை வீட்டார். மணமக்கள் மண்டபத்துக்குப் போக வாடகைக்குப் பேசியிருந்த வெள்ளைக் காரின் சொந்தக்காரர் புதன்கிழமை வானத்தைப் பார்த்துவிட்டு, "என் வண்டியை உப்புத் தண்ணியில இறக்க மாட்டேன்," என்று முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

குடும்பத்தில் இருந்த ஒரே வெள்ளைக் கார் நிஹாலுடையது. மருந்துக்கடைச் சம்பளத்தில் அவளே வாங்கிய பதினெட்டு வயது வண்டி. பெரியப்பா கேட்டார். அவர் கட்டடத்தில் குடியிருக்கும் இக்லாஸால் மறுக்க முடியவில்லை.

"நீயே ஓட்டு," என்றாள் மகளிடம். "நிக்காஹ் ஆகாதவங்களைத் தனியா அனுப்ப முடியாது. கூட நம்ம வீட்டுப் பொண்ணு ஒண்ணு வேணும். நீ ஓட்டினா உனக்கு வருத்தமில்லைன்னு ஊருக்கும் தெரியும்."

நிஹால் சரி என்றது ஊருக்காக இல்லை. "நான்தான் விட்டேன்" என்று ஹைதம் தன் வாயால் சொல்ல வேண்டும். அதைக் கேட்க இன்னொரு காது பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு வருடமாக அவள் வேறெதையும் வேண்டிக்கொள்ளவில்லை. அது எப்படி நடக்கும் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் மண்டபம் போய்ச் சேரும் இருபது நிமிடம் அவன் அவள் பின்னால், அவள் வண்டிக்குள், பூட்டிய கதவுக்குள் இருப்பான். அது போதும் என்று தோன்றியது.

வண்டியில் ஒரே ஒரு குறை. மழை பெய்தால் பின்சீட்டின் வலப்பக்கம் கால் வைக்கும் பள்ளத்தில் தண்ணீர் தேங்கும்.

*

இக்லாஸ் கீழே வந்தபோது நிஹால் தரைவிரிப்பை உரித்துத் தூணில் சாய்த்திருந்தாள். அதன் அடியில் இருந்த பஞ்சை முறுக்கிப் பிழிந்ததில் இரண்டு பக்கெட் பழுப்புத் தண்ணீர் வந்திருந்தது.

"இதுல மீனே வளர்த்திருக்கலாம்," என்றாள் இக்லாஸ்.

"அந்தக் குழாயைப் பிடி. நான் உள்ளே படுத்துப் பார்க்கறேன், நீ வெளியேர்ந்து ஊத்து. மேலேர்ந்து ஊத்தாத. கீழேர்ந்து ஆரம்பி."

"மழை மேலேர்ந்துதானே டீ பெய்யுது?"

"மேல ஊத்தினா எல்லாமே நனைஞ்சிடும். ஓட்டை எதுன்னு தெரியாது. கதவோட அடி விளிம்புல முதல்ல."

இதையெல்லாம் நிஹால் போனில் பார்த்த எவனோ ஒருவனிடம் கற்றிருந்தாள். அவன் மொழி அவளுக்குப் புரியவில்லை. கை புரிந்தது. அவன் செய்ததுபோலவே காய்ந்த தகரத் தரையில், கதவின் உட்பக்க ஓரமாகக் குழந்தைப் பவுடரைக் கோடுபோலத் தூவியிருந்தாள். தண்ணீர் எந்த இடத்தில் நுழைந்தாலும் அந்த வெள்ளைக் கோடு அங்கே கறுக்கும்.

"பவுடர் போட்டாச்சு. மை மட்டும்தான் பாக்கி," என்று சொல்லிக்கொண்டே இக்லாஸ் குழாயைத் திருகினாள்.

கதவின் அடி விளிம்பில் ஊற்றினாள். கோடு வெள்ளையாகவே இருந்தது. பின்பக்க விளக்கோரம் ஊற்றினாள். ஒன்றுமில்லை. கூரை ரப்பரில் ஊற்றினாள். நிஹாலின் கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது. அது அம்மாவின் கைத் தவறு.

"இப்போ கதவுக் கண்ணாடியில ஊத்து."

அரை நிமிடம் கழிந்தது. கதவின் உட்பக்க அட்டைக்குக் கீழேயிருந்து ஒரு தண்ணீர்ப் புழு எட்டிப் பார்த்தது. யோசித்தது. பிறகு பவுடருக்குள் இறங்கி ஊர்ந்தது.

"நிறுத்தும்மா. கிடைச்சிருச்சு."

"கண்ணாடி ரப்பர் போச்சா?"

"இல்ல. கண்ணாடி வழியா கதவுக்குள்ள தண்ணி இறங்கறது எல்லா வண்டியிலயும் உண்டு. கதவோட அடியில சின்னச் சின்ன ஓட்டை இருக்கும், அது வழியா தெருவுக்குப் போயிடும். நம்ம பக்கம் வராம இருக்க நடுவுல ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டியிருப்பாங்க. அதுதான் போயிருக்கணும்."

கைப்பிடிக்குள் ஒளிந்திருந்த இரண்டு திருகுகளைக் கழற்றினாள். அட்டையின் ஓரத்தில் விரல் விட்டு இழுத்தாள். பட் பட் என்று கிளிப்புகள் விட்டன. அட்டை கையோடு வந்தது.

உள்ளே பிளாஸ்டிக் தாள் நன்றாகத்தான் ஒட்டியிருந்தது, ஒரே ஒரு இடம் தவிர. ஒரு சாண் நீளத்துக்கு நேர்க்கோடாகக் கிழிசல். பிளேடால் போட்டது. கிழிசல் வழியாக ஸ்பீக்கருக்கு ஒரு சிவப்பு ஒயரும் ஒரு கறுப்பு ஒயரும் போயின. எவனோ ஒட்டுப்போட்டதாகக் காட்ட வைத்த கறுப்பு டேப், பசை காய்ந்து, கண்ணிமைபோலத் தொங்கிக்கொண்டிருந்தது.

"யார் கிழிச்சது இதை?" என்றாள் இக்லாஸ்.

"உன் பழைய மருமகன்."

போன வருடம் ஜனவரியில் ஹைதம் கடையிலிருந்து ஒரு ஜோடி ஸ்பீக்கர் கொண்டுவந்து, வலது கதவில் ஒன்றை மாட்டினான். "அடுத்த வாரம் அந்தப் பக்கம் போடறேன்," என்றான். அடுத்த வாரம் வரவில்லை. முதல் மழையிலேயே வண்டிக்குள் ஈரவாடை அடித்தது. போனில் சொன்னாள். அவன் எடுத்த கடைசிச் சில அழைப்புகளில் அது ஒன்று. "கடல் காத்து. நீங்க அலெக்சாண்ட்ரியாக்காரங்க ஈரத்துலயே பிறந்தவங்க, உங்களுக்கு என்ன," என்று சிரித்தான். கடல் காற்று என்றே நம்பி இரண்டு குளிர்காலமாக அவள் பழைய செய்தித்தாளை விரித்து விரித்து எடுத்திருந்தாள்.

இக்லாஸ் கவிழ்த்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்தாள். "அவன் கை..." என்று ஆரம்பித்தாள். வெள்ளிக்கிழமை சாபமிடக் கூடாது என்பது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டாள்.

"இதை ஒட்டாம அப்படியே விட்டுடலாம்னு பார்க்கறேன்," என்றாள் நிஹால்.

"அந்தப் பக்கம்தான் ராந்தா உட்காருவா."

"தெரியும்."

"வெள்ளை கவுன்."

"அதுவும் தெரியும்."

இக்லாஸ் பக்கெட்டிலிருந்து எழுந்தாள். விரிப்பு காய்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு மாடிப்படி ஏறினாள்.

நிஹால் கிழிசலுக்குள் இரண்டு விரலை விட்டு விரித்தாள். இன்னும் கொஞ்சம் கிழித்தால் என்ன என்று நினைத்தாள். பழுப்புத் தண்ணீர் வெள்ளைத் துணியில் எப்படி ஏறும் என்று அவளுக்குத் தெரியும். முதலில் ஓரம், பிறகு முழங்கால். மண்டபத்தில் எல்லாரும் பார்ப்பார்கள். ஒரு வருடம் தன்னைப் பார்த்ததுபோல.

*

"அக்கா, காபி."

ராந்தா தலை நிறைய ரோலர்களோடு படியில் நின்றாள். ஒரு கையில் கோப்பை, மறு கையில் நேற்றைய மருதாணி.

"நீ இன்னும் தலை அலங்காரத்துக்கு கோஆஃபேருக்குப் போகலையா?"

"அப்பா டாக்ஸி கூப்பிடப் போயிருக்கார்." கோப்பையை வண்டியின் கூரையில் வைத்தாள். "என் மேல கோவமா இருக்கியா?"

"கோவமா இருந்தா உனக்காக இப்படி மல்லாந்து கிடப்பேனா?"

"கோவம் வந்தாத்தான் நீ வேலையே செய்வே. சின்ன வயசுலேர்ந்து பார்க்கறேனே."

நிஹால் சிரிக்கவில்லை. ராந்தாவும் எதிர்பார்க்கவில்லை.

"நீ அவரை விட்டுட்டேன்னு தெரிஞ்ச பிறகுதான் நான் அவர்கிட்ட பேசவே செஞ்சேன். உனக்கு அது தெரியணும்."

"நான் விடலை."

"தங்கத்தை நீதானே அனுப்பினே?"

இந்தக் கேள்விக்கு நிஹாலிடம் ஒரு வருடமாகப் பதில் இருந்தது. நம்புவதற்குத்தான் ஆள் இல்லை. அவள் திருகாணியைத் துடைத்தாள்.

ராந்தா பேச்சை மாற்றக் குனிந்து பின்சீட்டைத் தட்டிப் பார்த்தாள். "நான் இந்தப் பக்கம்தானே?"

"எந்தப் பக்கம் வேணும்னாலும் உட்காரு."

"இல்ல, வலப்பக்கம்னு அவர் சொல்லிட்டார். நேத்து போன்ல, உன் வண்டின்னு சொன்ன உடனே. 'நீ வலப்பக்கம், நான் இடப்பக்கம், மறந்துடாத'ன்னு ரெண்டு தரம் சொன்னார்." அவள் முகம் மலர்ந்தது. "மணப்பெண் வலப்பக்கம் உட்கார்ந்தாத்தான் அழகாம். இதெல்லாம் கூட யோசிக்கறார் பாரு."

நிஹாலின் கை நின்றுவிட்டது.

"ஆமா," என்றாள். "நல்லா யோசிக்கறார்."

தெருமுனையில் டாக்ஸியின் ஹாரன் ஒலித்தது. ராந்தா ரோலர்கள் குலுங்க ஓடினாள். ஓடும்போது பத்து வயதில் எப்படி ஓடினாளோ அப்படியே ஓடினாள், கைகளைப் பக்கத்தில் தூக்கிக்கொண்டு.

நிஹால் கிழிந்த தாளை ஒரே இழுப்பில் பிய்த்து எறிந்தாள்.

*

வெள்ளிக்கிழமை, உதிரிபாகக் கடைகள் எல்லாம் சாத்தியிருந்தன. கிழியாத தாள் ஒன்று வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். காரைச் சுற்றிப் போய் இடது பின்கதவின் திருகுகளைக் கழற்றத் தொடங்கினாள். அந்தப் பக்கத்துக்கு ஸ்பீக்கர் வரவேயில்லை, பிளேடும் வரவில்லை.

"ம்மா, சீஷ்வாரை இறக்கு."

முதல் மாடி பால்கனியிலிருந்து கூடை கயிற்றில் ஆடி ஆடி இறங்கியது. உள்ளே முடி உலர்த்தும் சீஷ்வாரும், சுருட்டிய நீள ஒயரும், கூடவே ஒரு வெள்ளரிக்காயும் இருந்தன.

"வெள்ளரி எதுக்கு?"

"நீ காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை. அதென்ன அந்தக் கதவையும் கழட்டுற? அது நல்லாத்தானே இருக்கு?"

"அதான் கழட்டறேன்."

தாளைக் கதவோடு பிடித்திருந்த கறுப்புப் பசைக்கயிறு பதினெட்டு வருடத்தில் இறுகிப்போயிருந்தது. சீஷ்வாரின் சூட்டில் அது இளகி, மிட்டாய்போல நூல் விட்டது. தாளைக் கிழியாமல் விரல்நுனியால் உரித்தெடுத்தாள். உட்புறத்தை வெளிப்புறமாகத் திருப்பியதும் வலது கதவுக்கு அது அச்சாகப் பொருந்தியது. ஸ்பீக்கரைக் கழற்றித் தூணோரம் வைத்தாள். கதவின் ஓரத்தைத் துடைத்து, காயவைத்து, பசையை மறுபடி சூடாக்கி, ஓர் இடம் விடாமல் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்தாள்.

பத்து நிமிடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். பவுடர் கோடு அசையவில்லை.

இக்லாஸ் குழாயை மூடிவிட்டு, இடது கதவின் வெற்றுத் தகரத்தைப் பார்த்தாள். நிஹாலைப் பார்த்தாள். பிறகு மறுபடி கதவைப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் யாரு உட்காருவா?"

"மாப்பிள்ளை."

"ம்."

மேலே வானம் ஒருமுறை உறுமியது. முதல் துளிகள் தெருவில் பட்டுத் தூசி மணத்தது.

"கதவோட அடியில ஓட்டை இருக்கும்னு சொன்னியே," என்றாள் இக்லாஸ். "தண்ணி தெருவுக்குப் போறதுக்கு. எத்தனை ஓட்டை?"

"மூணு."

பழைய தாளில் மிச்சமிருந்த கறுப்புப் பசையை இக்லாஸ் சுரண்டி எடுத்தாள். பெருநாள் பலகாரத்துக்கு மாவு உருட்டுகிற அதே கையால் உள்ளங்கையில் வைத்து உருட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்று. எல்லாம் ஒரே அளவு. மகளின் கையில் வைத்தாள்.

"வீணாக்காத," என்றாள். "அட்டையை ஒழுங்கா மாட்டு. பார்த்தா தெரியக் கூடாது."

*

கோஆஃபேர் கடை வாசலில் வண்டி இரண்டு மணி நேரம் நின்றது. கூரை போட்ட இடம் ஒன்று எதிரே காலியாக இருந்தது. நிஹால் அங்கே நிறுத்தவில்லை. நடுத்தெருவில், திறந்த வானத்தின் கீழே, மக்னஸாவின் வாயிலேயே நிறுத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். மழை குத்தூசியாக இறங்கியது. கண்ணாடிகளில் வழிந்த தண்ணீர் கதவுகளுக்குள் போகும் ஓசையை அவள் கேட்டாள். வலது கதவில் போன தண்ணீர் அடியிலிருந்து தெருவுக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அடி ஓட்டைகள் அடைபட்ட இடது கதவுக்குள் போனது திரும்பி வரவில்லை. அந்தக் கதவு மழையைச் சேமித்துக்கொண்டிருந்தது.

மாலை மஃரிப் தொழுகைக்கு முன்னால் ஹைதம் நான்கு கார்களோடு வந்தான். நீல சூட். காபி நிறத்தில் புது ஷூ. குடைக்குக் கீழே தாவித் தாவி, ஒரு குட்டைகூட மிதிக்காமல் வந்தான்.

"உஸ்தா நிஹால்," என்றான் ஜன்னலில் குனிந்து, டிரைவர்களைக் கூப்பிடும் முறையில். "மருந்துக்கடையை விட்டுட்டு டிரைவர் வேலையா?"

"இன்னிக்கு ஒரு நாள்தான்."

"பெரிய மனசு உனக்கு."

"இருக்கட்டும். ஏறுங்க."

ராந்தா வெளியே வந்தாள். குடை பிடித்தவர்கள் அவளை இடப்பக்கக் கதவுக்குத்தான் முதலில் கொண்டுவந்தார்கள், அதுதான் கிட்டே இருந்தது. ஹைதம் குறுக்கே நின்றான். "அந்தப் பக்கம், அந்தப் பக்கம்," என்று அவளை மழையிலேயே சுற்றிப் போகவைத்தான். அவள் சுற்றிப்போய் ஏறினாள். அவன் இடப்பக்கம் ஏறிக் கால்களை நீட்டிச் சாய்ந்தான்.

பின்னால் நான்கு கார்களும் ஒரே தாளத்தில் ஹாரன் அடித்தன. வண்டி கிளம்பியது.

கடலோரச் சாலை வழியாக மண்டபத்துக்கு நேர் வழி இருந்தது. நிஹால் அதை எடுக்கவில்லை. சந்துகள் வழியாக, இடப்பக்கம் அதிகம் திரும்பும் வழியை எடுத்தாள்.

முதல் திருப்பத்தில் கதவுக்குள் ஏதோ புரண்டது.

"என்ன சத்தம்?" என்றான் ஹைதம்.

"கடல்," என்றாள் நிஹால்.

இரண்டாவது திருப்பத்தை அவள் கொஞ்சம் வேகமாகத் திருப்பினாள். இடது கதவுக்குள் நின்ற தண்ணீர் முழுவதும் ஒரே நேரத்தில் உள்பக்கம் சாய்ந்தது. கதவு அட்டையின் அடியிலிருந்து அது ஓசையில்லாமல் விளிம்பு முழுக்க வழிந்து, அவன் ஷூவுக்குள் இறங்கியது.

ஹைதம் காலைத் தூக்கினான். தூக்கிவைக்க இடமில்லை. மறுபடி இறக்கினான். கணுக்கால் வரைக்கும் ஈரம்.

"என்னது இது? தண்ணி அந்தப் பக்கம்தானே வரும்?"

சொல்லிவிட்டான். கண்ணாடியில் நிஹால் அவன் முகத்தைப் பார்த்தாள். தான் சொன்னது அவனுக்கே இன்னும் எட்டவில்லை.

ராந்தாவுக்கு எட்டிவிட்டது. அவள் தன் காலடியைப் பார்த்தாள். காய்ந்த விரிப்பு, அதன்மேல் வெள்ளைத் துணி, வெள்ளையாகவே.

"எந்தப் பக்கம்?" என்றாள்.

"என்ன?"

"தண்ணி எந்தப் பக்கம் வரும்னீங்க?"

"பழைய வண்டி. எங்கேயாவது ஒழுகும். சும்மா சொன்னேன்."

"உங்க பக்கம் இதுவரைக்கும் ஒழுகினதில்லை," என்றாள் நிஹால், சாலையைப் பார்த்தபடியே. "ஒழுகினது ராந்தா பக்கம். ஸ்பீக்கர் மாட்டறப்போ உள்ளே இருந்த தாளை பிளேடால கிழிச்சது யாரு?"

"இப்போ அதுவா முக்கியம்? நிக்காஹுக்குப் போயிட்டிருக்கோம்."

"கிழிச்சது உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் ராந்தா.

"சின்னக் கிழிசல்."

"அதான் என்னை இந்தப் பக்கம் உட்காரச் சொன்னீங்களா?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். துடைப்பான்கள் இடமும் வலமும் போய் வந்தன. நிஹால் மூன்றாவது திருப்பத்தை எடுத்தாள். இன்னொரு குவளை அளவு அவன் காலில் ஊற்றியது.

"வண்டியை நேரா ஓட்டு," என்று கத்தினான். "வேணும்னே செய்யறே. எனக்குத் தெரியும்."

"கிழிஞ்சது தெரிஞ்சிருந்தா அன்னிக்கே அக்காகிட்ட சொல்லியிருக்கலாமே?" ராந்தாவின் குரலில் இன்னும் கோபமில்லை. கணக்குப் பாடத்தில் விடை ஏன் தவறியது என்று தேடுகிற குரல்.

"சொன்னா? சரி பண்ணித் தான்னு உயிரை எடுத்திருப்பா. மறுபடி வீட்டுக்கு வரணும், காபி குடிக்கணும், சிரிக்கணும். நானே எப்படிக் கழண்டுக்கறதுன்னு பார்த்துட்டிருந்த நேரம் அது."

"எந்த நேரம்?"

"அந்த ஜனவரி."

"தங்கம் திரும்பி வந்தது அக்டோபர்ல," என்றாள் ராந்தா. "அந்த டப்பாவைப் பார்த்த அன்னிக்குத்தான் இடி விழுந்த மாதிரி தெரிஞ்சதுன்னு எங்க வீட்டு சோபாவுல அழுதீங்க."

ஹைதம் ஒரு ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தான். தண்ணீர் கொட்டியது. அந்த ஈரத்தில், அந்தக் குளிரில், அவனுக்கு எரிச்சலைத் தவிர வேறெதுவும் மிச்சமிருக்கவில்லை.

"சரி, நான்தான் விட்டேன். போதுமா? வாயைத் திறந்து சொன்னா தங்கம் போயிடும். அவ சலிச்சு அனுப்பற வரைக்கும் காத்திருந்தேன். ஊர்ல எல்லாரும் செய்யறதுதான். உனக்காகத்தானே செஞ்சேன்?"

நிஹால் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தாள். ஒரு வருடமாக இரவு இரவாக அவள் ஒத்திகை பார்த்த வாக்கியம் அது, அவன் குரலிலேயே. கேட்டதும் சிரிக்க வேண்டும் என்று நினைத்திருந்தாள். சிரிப்பு வரவில்லை, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று மட்டும் இருந்தது. பசித்தவனுக்கு முதல் கவளம் இறங்கியதுபோல.

கால் தானாகவே ஆக்ஸிலேட்டரிலிருந்து தளர்ந்தது. பின்னால் வந்த கார்கள் பொறுமையிழந்து ஹாரன் அடித்தன.

"நிஹாலக்கா."

"சொல்லு."

"ஏன் மெதுவா போறே?"

"திரும்பிடலாம்னு சொல்வேன்னு நினைச்சேன்."

"எதுக்குத் திரும்பணும்?" ராந்தா முகத்திரையைச் சரிசெய்தாள். "மஸூன் வந்துட்டாரா?"

"நாலு மணிக்கே வந்துட்டார். பெரியப்பா போன் பண்ணினார். நிக்காஹ் புத்தகத்தைப் பிரிச்சு வெச்சுட்டு உட்கார்ந்திருக்காராம்."

"எழுதறதுக்கு முன்னாடி சம்மதமான்னு என்னைக் கேட்பார்ல?"

"கேட்பார்."

"மைக்கை என் கையில கொடுப்பாங்களா?"

"கொடுப்பாங்க."

"ராந்தா," என்றான் ஹைதம். ஷூ இன்னும் அவன் கையில்தான் இருந்தது. "இப்படியெல்லாம் பேசாத. முந்நூறு பேர் உட்கார்ந்திருக்காங்க. எங்க ஊர்லேர்ந்து ரெண்டு பஸ் வந்திருக்கு."

"அதான் கேட்டேன்," என்றாள் ராந்தா. "அக்கா, கொஞ்சம் வேகமா போ."

நிஹால் வேகமாகப் போனாள். இந்த முறை நேர் வழியில்.

மண்டபத்து விளக்குகள் மழைக்குள் மஞ்சளாகக் கரைந்து தெரிந்தன. கூரை விளிம்பின் கீழே மேளக்காரர்கள் தோல் நனையாமல் இருக்கப் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். வெள்ளைக் காரைப் பார்த்ததும் அடிக்க ஆரம்பித்தார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். படியில் ஷவ்கி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார், மகளை வாங்கிக்கொள்ள.

யாரும் கதவைத் திறக்கக் காத்திராமல் ராந்தா தானே திறந்தாள். காய்ந்த கவுனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அப்பாவைத் தாண்டி, மேளத்தைத் தாண்டி, மைக் இருந்த மேஜையைப் பார்த்து நடந்தாள்.

ஹைதம் அசையவில்லை. குடையோடு ஒருவன் இடப்பக்கக் கதவருகே வந்து குனிந்து நின்றான்.

நிஹால் முதல்முறையாகத் திரும்பி அவனை நேருக்கு நேர் பார்த்தாள்.

"இறங்குங்க மாப்பிள்ளை," என்றாள். "உள்ளே கூப்பிடறாங்க."